செவலியின் படுக்கை

ஒரு குளக்கரையில், தாழம்புதருக்கு அடியில், எலிகள் கூட்டமாக வளை தோண்டி வாழ்ந்தன. குட்டி போடப்போகும் எலிகளுக்கு அறை ஒதுக்குவது கருப்பட்டி என்ற ஆண் எலியின் வேலை. ஈரம் கசியாத அறை எது, பாம்பு நுழைய முடியாத வாசல் எது என்பதெல்லாம் கருப்பட்டிக்கு அத்துப்படி.

அந்த வளையில் செவலி என்ற இளம் எலி முதன்முறையாகக் குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை, மயிரும் முளைக்கவில்லை. கடித்து மென்மையாக்கிய புல்லிலும், தன் வயிற்றிலிருந்து பிடுங்கிய மயிரிலும் செவலி அவற்றைப் பொதிந்து வைத்திருந்தது.

"அண்ணே, பசி தாங்கல. வயல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நீங்க வாசல்ல நின்னா போதும்" என்றது செவலி.

"நிம்மதியா போயிட்டு வா, தங்கச்சி! நான் இருக்கேன்!"

செவலி போனதும் கருப்பட்டி உள்ளே எட்டிப் பார்த்தது. குப்பென்று ஒரு வாடை!

"அடடா! இந்த அழுக்கிலா பிள்ளைகள் கிடப்பது? பாவம், சின்னப் பெண். அவளுக்கு என்ன தெரியும்!"

பழைய படுக்கையை வாரிக்கொண்டு போய்க் குளத்தில் வீசியது. புது அறுகம்புல்லைப் பரப்பியது. ஒவ்வொரு குட்டியையும் துளசி இலையால் துடைத்துப் படுக்க வைத்தது. வேலை முடிந்ததும் பெருமையோடு வாசலில் நின்றது.

செவலி ஓடி வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, இது யாரு வீடு?"

"உன் வீடுதான்! எப்படி மணக்குது பார்!"

செவலி உள்ளே போய் ஒவ்வொரு குட்டியாக முகர்ந்தது. பிறகு பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"என் பிள்ளைங்க எங்கே?"

"இதோ இருக்கே! இதெல்லாம் உன் பிள்ளைங்கதாம்மா!"

"உங்க பேச்சைக் காது நம்புது, அண்ணே. மூக்கு நம்ப மாட்டேங்குது. கிட்டப் போனா உடம்பெல்லாம் பதறுது."

குட்டிகள் பாலுக்குக் கத்தின. மயிரில்லாத அந்த உடம்புகள் சில்லிடத் தொடங்கின. செவலி தன் பிள்ளைகளை அடையாளம் காணும் வாடையையே தான் துடைத்து எறிந்துவிட்டது கருப்பட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. குளத்தை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடியது.

கரையில் உட்கார்ந்திருந்த தவளை சிரித்தது. "என்ன கருப்பட்டியாரே! இப்பதானே மூக்கைப் பொத்திக்கிட்டு வீசிட்டுப் போனீங்க? அதுக்குள்ளே குப்பை மேல ஆசை வந்துடுச்சா?"

"சிரிக்காதே, தம்பி! அது குப்பை இல்லை. அவளோட வீடு. நான்தான் வீசிட்டேன்."

தவளையின் சிரிப்பு நின்றது. "தண்ணியில விழுந்ததெல்லாம் நனைஞ்சு போச்சுங்க. அதோ, அந்த முள்ளுல கொஞ்சம் மாட்டியிருக்கு!"

தாழை முள்ளில் ஒரு கைப்பிடி மயிரும் புல்லும் காய்ந்தபடி தொங்கின. முள் கிழித்ததைக் கருப்பட்டி பொருட்படுத்தவில்லை. அதைக் கவ்விக்கொண்டு வளைக்குத் திரும்பியது. இம்முறை உள்ளே நுழையவில்லை.

"தங்கச்சி, உன் படுக்கையில மிச்சம் இவ்வளவுதான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம செஞ்சது என் தப்பு. நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"அங்கேயே வையுங்க, அண்ணே. யாரையும் உள்ளே விடாதீங்க."

செவலி அதை மெல்ல உள்ளே இழுத்தது. ஒரு குட்டியின் மேல் தேய்த்தது. முகர்ந்தது. மறுபடியும் தேய்த்தது. பிறகு அந்தக் குட்டியைத் தன் வயிற்றோடு இழுத்துக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக அழுகை அடங்கி, பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கருப்பட்டி எட்டிப் பார்க்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முள் கிழித்த மூக்கோடு, காவலுக்கு உட்கார்ந்தது.

அன்போடு செய்கிற உதவியானாலும், அதைப் பெறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.