இலை கிடந்த இடம்

மலையடிவாரத்தில் ஒரு குகை இருந்தது. உள்ளே பாறைகள் தட்டுத் தட்டாக நீண்டிருந்தன. கீழே மூன்று, மேலே மூன்று. வழிப்போக்கு விலங்குகளுக்கு அதுதான் விடுதி. சொந்தக்காரர் கிடையாது, வேலையாளும் கிடையாது. படுக்கப் புல்லை அவரவரே கொண்டுவர வேண்டும். போகும்போது அவரவரே பெருக்கிவிட்டுப் போக வேண்டும். வெளியே போகிறவர் தன் தட்டில் ஓர் இலையை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் அவருக்குத்தான். வேறு யாரும் தொடக் கூடாது.

ஒரு நாள் பிற்பகல் மழை கொட்டியது. முள்ளம்பன்றியும் கீரியும் ஆளுக்கொரு கீழ்த்தட்டில் வசதியாகப் படுத்திருந்தன. மூன்றாவது கீழ்த்தட்டில் ஒரு தேக்கிலை மட்டும் கிடந்தது.

தொப்பலாக நனைந்த முயல் ஒன்று நொண்டிக்கொண்டே உள்ளே வந்தது. அதன் பின்னங்கால் ஒடிந்திருந்தது. குகைத் தரையிலோ தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயா, கொஞ்ச நேரம் இங்கே படுத்துக்கட்டுமா?" என்று கேட்டது முயல்.

"இலை கிடக்குதே, கண்ணு தெரியலையா?" என்றது முள்ளம்பன்றி.

"யாரோட இலை?"

"யாரோடதா இருந்தா என்ன? இலைன்னா இலைதான்!"

"மேலே மூணு தட்டும் காலி. ஏறிக்க!" என்றது கீரி.

"இந்தக் காலோடவா? உங்கள்ல யாராவது மேலே போனீங்கன்னா..."

"நல்லாருக்கே நியாயம்! முதல்ல வந்தது நாங்க!" என்றது முள்ளம்பன்றி.

முயல் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றது. தட்டிவிட்டு ஏறியிருக்கலாம். ஆனால் அது சட்டத்துக்குப் பயந்த சாது. தண்ணீர் வயிற்றைத் தொட்டதும், வேறு இடம் தேடி மழையிலேயே வெளியே போனது.

"பாவம்!" என்று சொல்லிவிட்டுக் கீரி புரண்டு படுத்தது.

மறுநாள் காலை மழை விட்டது. இலைக்குரியவர் வரவே இல்லை. அப்போது காற்று சுழன்றடித்தது. வாசலில் நின்ற தேக்கு மரத்திலிருந்து ஓர் இலை பறந்து வந்து மேல்தட்டில் விழுந்தது. இன்னொன்று முள்ளம்பன்றியின் முதுகு முள்ளில் செருகி நின்றது.

கீரி திடுக்கிட்டது. "அப்போ நேத்து அந்த இலையும்..."

"வாயை மூடு!" என்றது முள்ளம்பன்றி.

இரண்டும் தண்ணீர் குடிக்கக் கிளம்பின. மறக்காமல் தங்கள் தட்டுகளில் இலை வைத்துவிட்டுத்தான் போயின. ஓடைக்கரைப் புதரில் அந்த முயல் செத்து ஒதுங்கிக் கிடந்தது.

தவிக்கும் உயிருக்கு இடம் கொடுக்க மனமில்லாதவர்கள் பேசும் சட்டம் வெறும் சாக்குத்தான்.