மெழுகில் வார்த்த மூக்கு

"என் கப்பலோட மூக்கை வெட்டச் சொல்றாங்க மேடம். இது நியாயமா?"

வந்தவர் உட்காரக்கூட இல்லை.

பெர்பெத்துவா மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"நியாயம் அநியாயமெல்லாம் எனக்குத் தெரியாது சார். தண்ணிகிட்ட கேப்போம். எந்த வேகத்துல ஓட்டட்டும்?"

வந்தவர் பெயர் சுயம்புலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. கப்பல் வரைகிற இன்ஜினியர். இருபது வருஷத்துக்கு முன்னால் எட்டாயிரம் பெட்டி ஏற்றுகிற கன்டெய்னர் கப்பல் ஒன்றுக்கு உடம்பு வரைந்தார். அந்த ஒரே வரைபடத்தில் ஆறு கப்பல் பிறந்தது. ஆறும் இன்னும் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மேடம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கடலோரத்தில் ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கு அவர்தான் பொறுப்பு. கப்பல்களை மெழுகில் சின்னதாக வார்த்து அந்தத் தண்ணீரில் இழுத்துப் பார்ப்பார்கள். கப்பல் வரைகிறவர்களுக்குள் சண்டை முற்றினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். வாயால் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் மேடத்துக்குக் கிடையாது.

இப்போது மூக்குக்கு வருவோம்.

பெரிய கப்பல்களுக்குத் தண்ணீருக்கு அடியில், முகப்பில், உருண்டையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் போகும்போது முகப்பு ஒரு அலையைக் கிளப்பும். அலை எழும்பினால் எண்ணெய் வீண். மூக்கு தன் பங்குக்கு இன்னொரு அலையைக் கிளப்பும். இதன் பள்ளமும் அதன் மேடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் காணாமல் போகும். பொருத்தம் அமையவில்லை என்றால் போச்சு, ஒன்றுக்கு இரண்டாக எழும்பி நிற்கும்.

சுயம்புலிங்கத்துக்குப் பொருத்தம் பிரமாதமாக அமைந்தது. அப்போது அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு மனுஷர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கமிட்டிகளில் உட்கார்ந்தார், மற்றவர்கள் வரைந்ததில் தப்புக் கண்டுபிடித்தார். 'நான் செஞ்சது' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த மூக்கு ஒன்றுதான் இருந்தது.

அதைத்தான் வெட்டப் போகிறார்கள். முதல் கப்பல் பழுதுபார்க்கிற ட்ரை டாக்கில் ஏறி நிற்கிறது. புது மூக்கு வேறு யாரோ வரைந்தாயிற்று. பழைய டிசைனர் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் நாலாக மடிந்து சுயம்புலிங்கத்தின் சட்டைப்பையில் இருந்தது.

போட மாட்டேன் என்றுதான் வந்திருந்தார்.

அவர் வருவதற்கு முன்பே கடிதம் எழுதிக் கேட்டிருந்ததால், பழைய வரைபடத்தை வைத்து மேடம் மாடல் வார்த்து வைத்திருந்தார். ஆறரை மீட்டர் நீளத்தில், சந்தன நிறத்தில், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வெளியூரில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போன தகப்பன் மாதிரி சுயம்புலிங்கம் குனிந்து தடவிக் கொடுத்தார்.

"வேகம் சொல்லுங்க சார்," என்றார் மேடம்.

"இருபத்தஞ்சு நாட்."

கப்பலுக்கு இருபத்தைந்து நாட் என்றால் மாடலுக்கு ஒரு மனுஷன் விறுவிறுவென்று நடக்கிற வேகம். வண்டி ஓட்டுகிற இசக்கிமுத்து மேலே ஏறி உட்கார்ந்தார். தொட்டியின் மேல் தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி அது. மாடலை அதில் கோத்து இழுப்பார்கள். சுயம்புலிங்கம் கரையோரமாகக் கூடவே நடந்தார்.

எண்ணெய் வைத்து வாரின தலை மாதிரி தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. அலை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன் சார்."

"இதைப் போய் வெட்டணுமாம்."

அடுத்த ஓட்டத்துக்கு இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் முழுசாக அடங்காமல் ஓட்டினால் அளவு பொய் சொல்லும். அதுவரைக்கும் எப்பேர்ப்பட்ட ஆளும் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுயம்புலிங்கம் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஏழு மாசம் உழைத்ததையும் பதிமூன்று மூக்கு வரைந்து பன்னிரண்டைக் கிழித்ததையும் சொன்னார். இப்போது இருக்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைத் தட்டத் தெரியும், தண்ணீரைத் தெரியாது என்றார். மேடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடங்கிட்டுது மேடம்," என்றார் இசக்கிமுத்து.

"எந்த வேகம் சார்?"

"அதேதான். இருபத்தஞ்சு."

ஓட்டினார்கள். அதே அழகு. மறுபடி இருபது நிமிஷம்.

"எந்த வேகம் சார்?"

"இருபத்தஞ்சு."

மூன்றாவது தடவையும் தண்ணீர் அப்படியே பிரிந்தது. இந்தத் தடவை சுயம்புலிங்கம் 'பார்த்தீங்களா' என்று கேட்கவில்லை. இசக்கிமுத்து மேலே உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"ஏன் மேடம், வேற வேகத்துல ஓட்ட மாட்டீங்களா?"

"நீங்க கேக்கலையே சார்."

சுருக்கென்று தைத்தது. இருபது வருஷத்துக்கு முன்னாலும் அவர் வேறு வேகம் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் இருபத்தைந்து என்று போட்டிருந்தது, இருபத்தைந்தில் ஓட்டினார், கை குலுக்கினார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

"அந்தக் கப்பலெல்லாம் இப்ப எந்த வேகத்துல போகுது சார்?"

அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"பதினாறு," என்றார்.

தண்ணீர் அடங்கியதும் இசக்கிமுத்து பதினாறில் ஓட்டினார்.

பதினாறு நாட் என்றால் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற வேகம். சுயம்புலிங்கம் பழக்க தோஷத்தில் மாடலுக்கு முன்னால் போய்விட்டார். திரும்பி வந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

மூக்குக்கு முன்னால் தண்ணீர் குவிந்து நின்றது. குவிந்ததை மூக்கு முட்டித் தள்ளிக்கொண்டே போனது. அது உடைந்து நுரைத்து இரண்டு பக்கமும் வழிந்தது. முகப்பின் அலை அதற்குப் பின்னால் தனியாக எழும்பியது. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை.

அவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் கணக்கு தப்பா மேடம்?"

"ஒரு இடத்துலகூட தப்பு இல்ல சார். நானே போட்டுப் பார்த்தேன்."

"அப்ப கப்பலை இருபத்தஞ்சுல ஓட்டச் சொல்லுங்க. எதுக்கு மூக்கை மாத்தணும், வேகத்தை மாத்தட்டுமே."

"ஓட்டலாம். எண்ணெய் எவ்வளவு ஆகும்?"

இதைச் சுயம்புலிங்கத்திடம் கேட்பது கொழுப்புத்தான். ஆனால் கேட்ட விதத்தில் கொழுப்பு இல்லை. அவர் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். கப்பலின் வேகம் கொஞ்சம் ஏறினால் எண்ணெய் எக்கச்சக்கமாக ஏறும்.

"மணிக்கு மூணே முக்கால் மடங்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவ்வளவு புகையும்தான்."

மாடலை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி. வெட்டட்டும். ஆனா எனக்கு ஒண்ணு செய்யுங்க மேடம். இந்த மாடலை உருக்காதீங்க. வாசல்ல ஒரு கண்ணாடிப் பெட்டியில வைங்க. கீழே என் பேர் இருக்கட்டும். இதைச் செய்றேன்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"வாங்க சார்," என்று மேடம் எழுந்தார்.

கொட்டகையின் பின்பக்கம் வார்ப்பு அறை. அடுப்பின்மேல் ஒரு பெரிய அண்டா. அதில் மெழுகு உருகிக் கிடந்தது, பொன் நிறத்தில், லேசாகப் புகைந்துகொண்டு. பக்கத்தில் களிமண்ணில் நீளமாக ஒரு அச்சு. அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"தாமரைச்செல்வி," என்றார் மேடம் தாழ்ந்த குரலில். "உங்க கப்பலுக்குப் புது மூக்கு வரைஞ்சவங்க."

சுயம்புலிங்கத்துக்கு முகம் இறுகியது. கிட்டப் போய் அச்சை எட்டிப் பார்த்தார். சப்பையாக, மொண்ணையாக ஒரு மூக்கு. அவருடையதில் பாதிகூட இல்லை.

"அண்ணே, வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றாள் அந்தப் பெண், நிமிராமலே. "கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அண்ணேயாம். அங்கே வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட்டாள். இவர் விருட்டென்று திரும்பி மேடத்திடம் வந்தார்.

"நான் யார்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். சொல்லட்டுமா?"

அவர் திரும்பி அந்த அச்சைப் பார்த்தார். மேடம் அண்டாவைக் காட்டினார்.

"அச்சுக்கு முக்கால்வாசிதான் மெழுகு இருக்கு. மீதிக்கு உங்க மாடல்தான். நீங்க சொல்ற வரைக்கும் யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"கண்ணாடிப் பெட்டி?"

"உங்க முதல் மாடலும் இதே அறையிலதானே வார்த்தாங்க?"

"ஆமா. இதே அண்டாதான்."

"அன்னைக்கு இங்க யார் யார் இருந்தாங்க சார்?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் அவர் யோசித்தார்.

"நான் இருந்தேன். பழைய டைரக்டர் இருந்தார். காக்கிச் சட்டை போட்ட வேலையாளுங்க ரெண்டு பேர். அப்புறம் ஒரு வயசானவர். அவரும் வேலையாள்தான். வாளியோட ஒரு பக்கத்தைப் பிடிச்சு ஊத்தினார். நான்கூட அவரை ஒரு அதட்டு அதட்டினேன், வழியில நிக்காதீங்க பெரியவரேன்னு. எனக்கு அன்னைக்கு அவசரம்."

"அவர் என்ன சொன்னார்?"

"தள்ளிக்கிட்டார். புது மாடலா தம்பின்னு கேட்டார். நான்…"

நிறுத்திவிட்டார்.

அண்டாவில் மெழுகு ஒரு குமிழியை விட்டு அடங்கியது.

"அவர் காக்கி போடல மேடம்," என்றார் மெதுவாக. "வெள்ளைச் சட்டை. முழுக்கை. பையில ரெண்டு பேனா இருந்தது."

சுயம்புலிங்கம் அண்டாவுக்குக் கிட்டே போனார்.

"அந்த மெழுகு… அதுக்கு முன்னாடி அது யாரோட கப்பல்?"

"எனக்கு எப்படி சார் தெரியும். நான் அப்ப காலேஜ்ல இருந்தேன்."

"அவர் பேர் என்ன?"

"உங்ககிட்டதான் சார் அவர் பேசினார்."

சுயம்புலிங்கம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, மேடத்திடம் நீட்டினார். வெளியே போய் இசக்கிமுத்துவிடம் ரம்பம் கேட்டார்.

"எங்கேர்ந்து அறுக்கணும் சார்?" என்றார் இசக்கிமுத்து.

"முன்னாலேர்ந்து."

மத்தியானத்துக்குள் எல்லாம் உருகிவிட்டது. வாளியின் ஒரு கைப்பிடியை இசக்கிமுத்து பிடித்தார். இன்னொன்றைப் பிடிக்க ஆளைத் தேடுவதற்குள் சுயம்புலிங்கம் பிடித்துவிட்டார். அச்சின் பின்பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டே முன்னுக்கு வந்தார்கள். மெழுகு தெறித்து அவர் சட்டையில் அங்கங்கே உறைந்தது.

தாமரைச்செல்வி அச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுதான் மூக்கு," என்றாள். "இங்க மட்டும் மெதுவா ஊத்துங்க. குமிழி விழுந்துட்டா போச்சு, ஏழு மாச வேலை."

"சரிம்மா," என்றார் சுயம்புலிங்கம்.