ஏழு ஒன்றுகள்

அம்பலவாணரின் கணிதக் குடிலில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஓர் எண்ணைக் காட்டுவார்கள். 1111111. ஏழு ஒன்றுகள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணும் இதை மீதியில்லாமல் வகுக்காது என்பார்கள். முப்பது வயதில் ஆசான் ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்து நிறுவியது அது. இப்போது அவருக்கு எழுபது. அந்த நிறுவலுக்காகவே மதுரையில் சபை கூட்டி அவருக்குச் சிறப்புச் செய்ய இருந்தார்கள். இன்னும் பத்து நாள்.

அந்தக் கணக்கு எழுதிய ஓலைகளைப் பூச்சி அரித்திருந்தது. படியெடுக்கும் வேலை உமையாளிடம் வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, நாற்பது வயதில் கணக்குப் படிக்க வந்தவள் அவள். பார்த்து எழுதினால் போதும் என்றார்கள். அவளுக்கு அப்படி எழுத வரவில்லை. ஒவ்வொரு வரியையும் போட்டுப் பார்த்தே எழுதினாள்.

239-ஆல் வகுத்த ஓலையில் கை நின்றது. 1171-இல் 956 போக 225 என்று இருந்தது. அவளுக்கு 215 வந்தது. மேலே வகுத்தாள். ஈவு 4649. மீதி இல்லை.

மூத்த மாணவர் திருமேனியிடம் காட்டினாள். அவரும் போட்டுப் பார்த்தார்.

"நீ சொல்வது சரிதான். ஆனாலும் இருந்ததை இருந்தபடி எழுதிவிடு."

"தப்பென்று தெரிந்துமா?"

"எழுபது வயது மனிதர், உமையாள். சபையில் யார் வகுத்துப் பார்க்கப் போகிறார்கள்?"

இரண்டு நாள் அந்த ஓலையைப் படியெடுக்காமல் தள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் காலை ஓலையோடு ஆசான் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இதில் ஒரு கழித்தல்..."

ஓலையை நீட்டினாள்.

அவர் படித்தார். மணல் பரப்பிய பலகையை இழுத்து, 4649-ஐ 239-ஆல் பெருக்கினார். விரல் மெதுவாக நகர்ந்தது. ஒன்றுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஏழாவதை எழுதிவிட்டு விரலை எடுத்தார்.

"மன்னித்துவிடுங்கள், ஐயா."

"தப்பு என்னுடையது. நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்?"

"நாற்பது வருஷப் பெயர் ஐயா..."

"நாற்பது வருஷமாக இங்கே யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை."

"சபையில் என்ன சொல்வீர்கள்?"

"நான் இல்லை, நீ சொல்வாய். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்."

அவள் தலை குனிந்தாள். கண்ணீர் மணலில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 4649-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உள்ளங்கையால் அழித்தார்.

"இதை எது வகுக்கும்?"

"தெரியாது, ஐயா."

"எனக்கும் தெரியாது. பழைய ஓலைகளை இனி நம்ப முடியாது," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "உட்கார். மூன்றிலிருந்து தொடங்குவோம்."