திரைக்குப் பின்னால் நின்ற தளபதி

"சந்தை பற்றி எரிஞ்ச அன்னைக்குக் கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த புண்ணியவான் யாரு? சனங்க வெளியே நின்னு கதவைத் தட்டத் தட்ட, தாழ்ப்பாள் சரியாப் போட்டிருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்த மகராசன் யாரு?"

முந்தாநாள் கூத்தில் கட்டியக்காரன் சடையாண்டி இப்படிக் கேட்டான். பேர் சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக அவன் வீட்டு வாசலில் பன்னிரண்டு சேவகர்கள். அனுப்பியவர் தளபதி ரணஞ்சயர்.

மாங்குடி அரண்மனைச் சபையில் சடையாண்டி கை கட்டப்பட்டு நின்றான். முகத்தில் கோமாளி அரிதாரம் கூடச் சரியாகப் போகவில்லை. தளபதி துக்க வீட்டு முகத்தோடு எழுந்தார்.

"மகாராஜா! கருங்கம்பளி போர்த்திய அந்தக் கூட்டம் சந்தைக்குத் தீ வைத்து மூன்று மாதம் ஆகிறது. பதினொரு உயிர் போனது. இந்தப் பயல் அதை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறான்! செத்தவர்களை அவமதித்த நாக்கு இருக்கலாமா?"

ராஜாவுக்கும் மனசு புண்ணாகித்தான் இருந்தது. செத்தவர்களில் இரண்டு பேரை அவருக்கே தெரியும். "நாக்கை அறுக்க வேண்டியதுதான்" என்றார்.

மந்திரி தாண்டவராயனுக்குச் சுர்ரென்று ஏறியது. மனுஷன் பள்ளிக்கூடம் போனவரில்லை. மாட்டுச் சந்தையில் தரகு பேசி, நாலு பேரிடம் ஏமாந்து, ஆறு பேரிடம் அடி வாங்கி, அந்த அனுபவத்தில் மந்திரியானவர். பல்லைக் காட்டினாலே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். தளபதி இப்போது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடடா, என்ன வேகம்!" என்றார் தாண்டவராயன். "தீ வைத்தவன் மூன்று மாதமாகக் கிடைக்கவில்லை. சிரித்தவன் மூன்று நாழிகையில் கிடைத்துவிட்டான். நம்ம படை படைதான்! கம்பளிக்காரனுக்கு ஒரு ஓலை அனுப்பிவிடலாமா? 'ஐயா, நீங்கள் ஊரை எரிக்கலாம். உங்களை எவனாவது கிண்டல் செய்தால் நாங்கள் விடமாட்டோம்' என்று?"

"கேலி வேண்டாம், தாண்டவராயா" என்றார் ராஜா. "சாவைப் பார்த்துச் சிரிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்."

"எனக்கு என்ன தெரியும் மகாராஜா? என் வீட்டில் யாரும் சாகவில்லை. தளபதி வீட்டிலும் சாகவில்லை. செக்குக்கார வீட்டுச் சிலம்பாயியைக் கேளுங்கள். புருஷனைப் பறிகொடுத்தவள். அன்றைக்குக் கூத்துப் பார்க்கவும் வந்தவள்."

சபையின் ஓரத்தில் நின்றிருந்த சிலம்பாயி முன்னால் வந்தாள்.

"எம் புருசன் வெந்ததை இவன் கேலி பண்ணியிருந்தா, நாக்கை நானே அறுத்திருப்பேன் சாமி. இவன் அதைப் பண்ணலை. அந்தக் கம்பளிக்காரன் வேசத்துல வந்து, 'ஊரையே கொளுத்தப் போறேன்'னு கத்திட்டு, கொளுத்த நெருப்பு இல்லாம பக்கத்து வீட்டுல போயி, 'அக்கா, ஒரு கொள்ளிக்கட்டை குடேன்'னு கெஞ்சினான். அந்தக்கா வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வந்தா." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. "மூணு மாசமாக் கறுப்புத் துணியைக் கண்டாலே வீட்டுக்குள்ள ஓடிருவேன், செக்குப் பக்கமே போகலை. அன்னைக்குச் சிரிச்சேன். மறுநாள் செக்கைப் பூட்டினேன்."

ராஜா தளபதியைப் பார்த்தார்.

"சரி, கம்பளிக்காரனைக் கிண்டல் செய்தது போகட்டும்!" என்று தளபதி குதித்தார். "கோட்டைக் கதவைப் பற்றிப் பேசினானே! என்னைத் தப்பாகக் காட்டினானே!"

"ஓகோ! செத்தவர்களுக்காக வந்த துக்கம் அதற்குள் உங்கள் பக்கம் திரும்பிவிட்டதா?" என்றார் தாண்டவராயன். குரலை உடனே இறக்கினார், மாடு கைமாறப் போகிற நேரத்துக் குரல் அது. "கோபப்படாதீங்க. ஒரு பேச்சுக்கு வருவோம். இவன் காட்டியது தப்பு என்றால் சரியானதை நீங்களே காட்டுங்கள். கூத்து முறைப்படி திரை கட்டுவோம். நீங்கள் நீங்களாகவே வாருங்கள். நீங்கள் திரை விலகி வெளியே வந்துவிட்டால் இவன் நாக்கு உங்களுக்கு. சம்மதமா?"

கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் எடுத்து வரச் சொன்னதும் தளபதிக்கு வாயெல்லாம் பல். சம்மதித்துவிட்டார்.

கூத்தில் ராஜா வேஷமானாலும் ராட்சச வேஷமானாலும் முதலில் திரைக்குப் பின்னால்தான் வந்து நிற்க வேண்டும். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். கட்டியக்காரன் கேள்வி கேட்பான். எல்லாக் கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் திரை விலகும்.

சடையாண்டியின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். திரைக்குக் கீழே தளபதியின் பாதங்கள் தாளம் போட்டன.

"யாரது வர்றது?"

"வீராதி வீரன்! எதிரிகளுக்கு எமன்! ரணஞ்சயன்!"

"வாங்க வாங்க! என்ன உத்தியோகமுங்க?"

"ஊரைக் காப்பது!"

"நல்ல உத்தியோகம். சந்தை எரிஞ்ச அன்னைக்கு அந்த உத்தியோகத்தை எந்த இடத்துல நின்னு பார்த்தீங்க?"

தாளம் நின்றது.

"கேள்வி காதுல விழலீங்களா? உள்ளே நின்னா, வெளியே நின்னா?"

திரைக்குக் கீழே ஒரு பாதம் மட்டும் மெல்லப் பின்பக்கம் நகர்ந்தது. பின்னால் தாண்டவராயன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தது.

முதலில் திரை பிடித்தவன் சிரித்தான். பிறகு சேவகர்கள் சிரித்தார்கள். கடைசியில் ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சடையாண்டி, உன் நாக்கு உனக்கே! பட்டுச் சால்வையும் வாங்கிக்கொள். தாண்டவராயா, தளபதிக்கு என்ன தண்டனை?"

"நான் எதற்குத் தண்டிக்க மகாராஜா? பதில் சொல்கிற வரைக்கும் அப்படியே நிற்கட்டும்."

சிலம்பாயி மட்டும் சிரிக்கவில்லை. நேராகத் திரைக்கு எதிரே போய் நின்றாள்.

"ஐயா, எங்க சிரிப்பு உங்களுக்குப் பிடிக்கலைன்னா நிறுத்திக்கிறோம். ஒண்ணும் கஷ்டமில்லை. கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போங்க. தீ வச்சவனுங்களைப் பிடிச்சு, கட்டி, இந்தச் சபைக்கு இழுத்துக்கிட்டு வாங்க. பதினொரு வீடு காத்துக்கிட்டிருக்கு. எப்போ போறீங்க? சொல்லுங்க!"