குளிக்காத மந்திரவாதியும் நீலச் சுனையும்

முன்னொரு காலத்துல, மலைக்கும் மரத்துக்கும் வாய் இருந்த காலத்துல, செம்மலை நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. பயந்த சுபாவம் உள்ளவங்க பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. நான் பாதியில நிறுத்த மாட்டேன், ஆமா!

அந்த நாட்டு மலையடியில ஒரு சுனை. தண்ணி மயில் கழுத்து நீலம். அதுல கால் வெச்சவங்க உப்பு மாதிரி கரைஞ்சு போவாங்க. ஆள் கரையக் கரைய நீலம் கூடும். கோடையில சுனை வத்தினா, கரைஞ்சவங்க ஆளுக்கொரு நீலக் கல்லா அடியில உறைஞ்சு கிடப்பாங்க. சுனைக்குச் சொந்தக்காரன் உக்கிரதத்தன்னு ஒரு மந்திரவாதி. அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கிக் கோத்து மாலையாப் போட்டிருந்தான். மாலை நிறைஞ்சுட்டா அவனை எதுவும் தொட முடியாது, நாடே அவனுக்கு அடிமை. ராஜா என்ன செஞ்சாருன்னு கேக்குறீங்களா? கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்துட்டாரு, பாவம்!

ஆடு மேய்க்கிற சடையன் ஒருநாள் தாகம் தாங்காம அந்தச் சுனையில ஒரு கை அள்ளப் போனான். ஆடு வீடு வந்து சேர்ந்துச்சு, ஆள் வரலை.

அவன் பொண்டாட்டி மூக்காயி ஊரெல்லாம் தேடிப் பார்த்தா. "எங்கயாவது மயங்கிக் கிடந்தாருன்னா பசிக்குமே"ன்னு கறிச்சோறு ஆக்கித் தூக்குச் சட்டியில எடுத்துக்கிட்டா. உச்சி வெயில்ல கறிச்சோறு கொண்டு போனா பேய் பின்னாலயே வரும், பேய்க்கு இரும்பு ஆகாதுன்னு அந்த ஊர்ல நம்பிக்கை. அதனால சோத்து மேல ஓர் இரும்பு ஆணியைச் செருகிக்கிட்டுப் போனா.

சுனைக்கரையில அவன் துண்டு மட்டும் கிடந்துச்சு. மரத்துல ஒரு குருவி இல்லை. காத்தும் இல்லை. தண்ணிக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"வலியது உள்ளே வந்தா மெலியது வெளியே போகும்!"

"ஏங்க... நீங்களா?"

"நான்தான் புள்ள. சுனை வத்துது. இன்னும் கொஞ்சம் வத்தினா நான் கல்லாயிடுவேன். என்னைவிட வலியதா எதையாவது போடு, அது கரைஞ்சு என்னை வெளியே தள்ளும். சீக்கிரம் புள்ள!"

எது வலியது? விலை உசந்ததுதானே வலியதுன்னு மூக்காயி நினைச்சா. நீங்களும் நானுமா இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். பொறந்தப்போ குத்தின தங்க மூக்குத்தியைக் கழட்டிப் போட்டா. அது அடியில போய் மினுமினுன்னு கிடந்துச்சு. கரையவும் இல்லை, அசையவும் இல்லை.

"வலியது உள்ளே வந்தா மெலியது வெளியே போகும்!"ன்னு தண்ணிக்குள்ள இருந்து மறுபடி குரல் வந்துச்சு.

கால்ல கிடந்த வெள்ளி மெட்டியைக் கழட்டிப் போட்டா. அதுவும் மூக்குத்தி பக்கத்துல போய் சொகுசாப் படுத்துக்கிச்சு.

"ஐயோ, என்கிட்ட வேற என்ன இருக்கு!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டப்போ தூக்குச் சட்டி சாய்ஞ்சு, ஆணி தண்ணிக்குள்ள விழுந்துச்சு. அடேங்கப்பா! கறுப்பா இருந்த ஆணி செம்பு நிறமாச்சு. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அந்த ஆணியே காணாமப் போச்சு. அது போன இடத்துல செக்கச் செவேல்னு ஒரு விரல் தண்ணிக்கு மேல எட்டிப் பார்த்துச்சு. சடையன் விரல்! சின்ன வயசுல அரிவாள் பட்ட தழும்பு அதுல இருந்துச்சு.

ஆனா ஓர் ஆணிக்கு ஒரு விரல்தான். அதுக்கு மேல வரலை.

"யாரடி அது?"

மூக்காயி படக்குன்னு துண்டை விரிச்சு விரலை மூடிட்டுத் திரும்பினா. மந்திரவாதி நின்னான். சுனைக்குப் பத்தடி தள்ளியே நின்னான். உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்னான். கழுத்துல நீலக் கல் மாலை குலுங்குச்சு, அதுக்குள்ள இருந்து யாரோ அழுத மாதிரி கேட்டுச்சு.

"வே... வேலை கேட்டு வந்தேன் சாமி."

"நல்லதாப் போச்சு. அதோ அந்தக் குகைக்கு வந்து எனக்கு எண்ணெய் தேய்ச்சு விடு. உடம்புல ஒரு நுனி இடம் காஞ்சாலும் உன்னையும் கல்லாக்கிருவேன்!"

அந்த உடம்பைத் தொட்டப்போ அவளுக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. வெண்ணெய் மாதிரி விரல் அழுந்துது! மனுசன் உடம்பா அது? தேய்க்கத் தேய்க்க அவ யோசிச்சா. எண்ணெய் தேய்ச்சா எல்லாரும் குளிப்பாங்க. இவன் குகையில குடமும் இல்லை, குவளையும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லையே?

பயத்துல அவ கண்ணு கலங்கி ஒரு துளி அவன் தோள்ல விழுந்துச்சு. எண்ணெய் கொஞ்சம் விலகின இடம் அது. சுர்ர்ருன்னு புகைஞ்சு, மஞ்சளா ஒரு தீப்பொறி கிளம்பிச்சு!

"தண்ணி! என் மேல தண்ணியா?" பச்சைப் பிள்ளை மாதிரி அலறினான் மந்திரவாதி.

"வேர்வை சாமி, மன்னிச்சிருங்க!"

மூக்காயிக்குச் சட்டுன்னு புரிஞ்சு போச்சு. தங்கம் தண்ணியில சும்மா கிடக்கும். இரும்பு கொஞ்சம் வேலை செய்யும். தண்ணி பட்ட உடனே பத்தி எரியுறவன் எவனோ அவன்தான் எல்லாத்தையும் விட வலியவன். எண்ணெய் மட்டும்தான் அவனைக் காப்பாத்துது.

அவ மடியில எப்பவும் அரப்புப் பொடி முடிச்சு இருக்கும். எண்ணெய் போக்கத் தேய்ச்சுக் குளிக்கிற பொடிதான். குளிக்கவே குளிக்காதவனுக்கு அரப்பு எதுன்னு எப்படித் தெரியும்?

"சாமி, இது மேனிப் பொடி. பூசினா மாலை இன்னும் எடுப்பாத் தெரியும்."

"பூசு, பூசு!"ன்னு இளிச்சான் அவன். தற்பெருமை யாரை விட்டுச்சு! பொடி எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச அவன் மேனி வெள்ளி மாதிரி பளிச்சுன்னு மின்னிச்சு, அடுத்த நிமிசமே சாம்பல் பூத்துச்சு. அவ குரல் நடுங்காமப் பார்த்துக்கிட்டுச் சொன்னா: "சாமி, சுனையில ஒரு விரல் மேல வந்திருக்கே, பார்த்தீங்களா?"

"என்னது! என் கல்லைத் திருடுறது யாரு?" எழுந்து ஓடினான். துண்டைக் குச்சியால தள்ளினான், எட்டிக் குனிஞ்சான்.

பின்னாலயே ஓடி வந்த மூக்காயி கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையாலயும் தள்ளினா.

விழும்போதே அவன் அவ சடையை எட்டிப் பிடிச்சான். கரை வழுக்குது, அவ காலும் தண்ணிகிட்ட போகுது! அப்போ அந்த ஒத்தை விரல் நிமிர்ந்து அவ கால் விரலை வளைச்சுப் பிடிச்சு, கரைப் பக்கமா உந்திச்சு. அவ பின்னால சாய்ஞ்சு இழுத்தா. வெண்ணெய் உடம்புதானே, அவன் பிடி பிஞ்சு போச்சு.

தண்ணி தொட்டதும் மஞ்சள் தீ எழும்பிச்சு. தீயோட தீயா அவன் சுனை முழுக்கச் சுத்திச் சுத்தி ஓடினான். "அணைங்க, அணைங்க!"ன்னு கத்தினான். எதை ஊத்தி அணைக்க? டமார்! மலையே அதிர்ந்துச்சு.

"வலியது உள்ளே வந்தா மெலியது வெளியே போகும்!" அந்தக் குரல் இப்போ ஒண்ணு இல்லை, நூறு குரல். நீலம் வெளுக்க வெளுக்க, செம்பு நிறத்துல ஒவ்வொருத்தரா எழும்பி வந்தாங்க. கரையேறினதும் மனுச நிறம் வந்துச்சு. மாலையில இருந்த கல்லும் தண்ணியில கரைஞ்சு, அந்தப் பழைய ஆளுங்களும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தாங்க. கடைசியா சடையன் வந்தான். மூக்காயி அவனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

ராஜா கதவைத் திறந்து வந்து, "தாயே, எடைக்கு எடை தங்கம் தர்றேன்"னாரு.

"அது தண்ணிக்குள்ள சும்மா கிடக்கும் மகாராசா. வீட்டுக்கு வீடு ஒரு நல்ல கிணறு வெட்டிக் குடுங்க, எங்க சனம் இனிமே தாகத்துக்குச் சாகக் கூடாது"ன்னா மூக்காயி. அப்படியே நடந்துச்சு. மூக்குத்தி அடியில அப்படியே இருந்துச்சு, ஒரு கறை இல்லை.

வீட்டுல அவ புருஷனுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டா. "கிணத்தடிக்குப் போய்க் குளிங்க"ன்னா.

சடையன் தொட்டித் தண்ணியைப் பார்த்துட்டு அசையாம நின்னான். தழும்பு விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கிட்டான். "நீ பக்கத்துல நில்லு புள்ள"ன்னான்.

மூக்காயி அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டு, முதல் சொம்புத் தண்ணியைத் தன் தலையில ஊத்திக்கிட்டா. அப்புறம்தான் அவன் சிரிச்சான்.