சுவரைத் தின்ற குடிகள்

கலாமணி என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றால் மண்ணும் கல்லும் இல்லை. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் முப்பத்தெட்டு வயதுப் பெண்தான் அந்த ஊர். அவளுக்கே அது தெரியாது. தன்னை ஒரே ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் வயிற்றின் கீழ்த் தெருவில் கண்ணுக்குத் தெரியாத குடிகள் கோடிக்கணக்கில் வாழ்ந்தார்கள். பிறத்தியார்தான், ஆனால் வம்புதும்புக்குப் போகாதவர்கள். கீரையின் நார், கொள்ளின் தோல், கம்பின் தவிடு என்று ஊருக்குச் செரிக்காததைத் தின்று பிழைத்தார்கள். அதில் வடித்த கஞ்சியில் ஒரு பங்கைத் தெருவோரச் சுவருக்கு ஊட்டினார்கள். அந்தத் தெம்பில் சுவர் தன்மேல் வழவழப்பாக ஒரு பூச்சைப் பூசிக்கொண்டது. பூச்சு இருந்தவரை தெருவில் நடந்தது தெருவோடு நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் காவலர்கள். அவர்களுக்குக் கண் கிடையாது. தடவிப் பார்த்துத்தான் ஆளை அறிவார்கள். அன்னியன் எவனாவது பிடிபட்டால், அவன் உடம்பில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தடவி மனப்பாடம் செய்து, ஊர் முழுக்கச் சொல்லி அனுப்புவார்கள். சொல்லி அனுப்பியதைத் திரும்ப வாங்கும் வழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே இல்லை. அதைப் பெருமையாக வேறு பேசிக்கொள்வார்கள்.

கம்பெனியில் ஆர்டர் குவிந்தது. கலாமணி தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் டீயும் வர்க்கியும், மத்தியானம் பன், சாயங்காலம் பரோட்டா. ஒருநாள் அவள் கணவன் சென்னியப்பன் சந்தையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தான்.

"இதை யாருங்க உக்காந்து ஆயறது? கையெல்லாம் ஓஞ்சு போயி வந்திருக்கறேன். பரோட்டா வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் அவள்.

அவனும் போனான். கீரை வாடிக் குப்பைக்குப் போனது. சென்னியப்பனுக்கும் இரண்டு கை இருந்தது. அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இப்படியே வருஷம் இரண்டு ஓடியது. மைதாவெல்லாம் மேல் தெருவிலேயே கரைந்து போனது. கீழ்த் தெருவுக்கு ஒரு நார்கூட வரவில்லை. குடிகளில் பாதிப் பேர் செத்தார்கள். மீதிப் பேரின் தலைவி ஒருநாள் சுவரின் பூச்சை நக்கிப் பார்த்தாள். இனித்தது.

"அது சோறில்ல தாயி, என்னோட தோலு" என்றது சுவர்.

"தெரியும். பசிக்குது."

"கஞ்சி ஊட்டுன கையாலயே தோண்டறயே!"

"ஊட்டறதுக்குக் கஞ்சி எங்க இருக்குது? பசி வந்தா பத்தும் பறந்து போகும். உனக்குத் தெரியாததா?"

அவள் பின்னால் எல்லாக் குடிகளும் சுவரில் வாய் வைத்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சுவர் அழுதுகொண்டே மெலிந்தது. மெலிந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.

ஓட்டை வழியாக ஒரு வழிப்போக்கன் தவறி அந்தப் பக்கம் விழுந்தான். கெட்டவன்கூட இல்லை, கால் இடறியவன். காவலர்கள் அவனைப் பிடித்தார்கள், தடவினார்கள், கொன்றார்கள். 'இடது தோளில் மேடு உள்ளவன் எதிரி' என்று ஊரெங்கும் செய்தி போனது.

கைவிரல் மூட்டில் குருத்து என்றொருத்தி இருந்தாள். இரண்டு எலும்பும் ஒன்றையொன்று உரசாமல் நடுவில் மெத்தையாகக் கிடப்பதுதான் அவள் வேலை. அவளுக்குப் பிறவியிலேயே இடது தோளில் ஒரு மேடு. காவலர்கள் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"தோளக் காட்டு."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவளுங்க. ஒரு நாளும் இந்த இடத்தை விட்டு நகந்ததில்லைங்க."

காவலன் தடவினான். "மேடு இருக்குது."

"அது எங்க அம்மா குடுத்த மேடுங்க. எலும்பண்ணனக் கேட்டுப் பாருங்க!"

எலும்பு ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

காலையில் கலாமணிக்கு விரல் மடங்கவில்லை. மூட்டுகள் வீங்கிச் சிவந்து கொதித்தன. பிசிறு வெட்டும் கத்தரி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு வாரம் பொறுத்த சூப்பர்வைசர் எட்டாம் நாள் அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்தார்.

"முடக்குவாதம். உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நெனச்சு அடிக்குது" என்றார் டாக்டர்.

"அப்பிடி நானென்னுங்க பாவம் பண்ணுனேன்?"

"பாவமெல்லாம் இல்லம்மா. இன்ன காரணம்னு ஒண்ண மட்டும் சொல்ல முடியாது. மாத்திரைய விடாதீங்க. கீரை, கம்பு, பயறு சேத்துக்கங்க. அதுவே மருந்தாகாது, வயித்துக்குக் கொஞ்சம் தொணையா இருக்கும்."

மாத்திரை உள்ளே வந்தது. காவலர்களில் பாதிப் பேர் மயங்கி உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் சுவர் அவர்கள் தலைவனைக் கெஞ்சியது.

"அந்த உத்தரவத் திரும்ப வாங்கிக்குங்க சாமி. நீங்க கொளுத்தறது நம்ம வீட்ட."

"எங்க தாத்தன் காலத்துலேருந்து ஒரு உத்தரவும் திரும்புனதில்ல" என்றான் தலைவன், தூக்கத்தில் புரண்டபடி. "மயக்கம் தெளியட்டும், மிச்சத்தையும் பாக்கறோம்."

சுவர் குடிகள் பக்கம் திரும்பியது. "ஒரு பிடி கீரை வந்தா என்னைய உட்ருவீங்களா?"

"வந்தா எதுக்கு உன்னத் திங்கறோம்? எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றாள் தலைவி.

அன்று சாயங்காலம் கலாமணியே கேட்க, சென்னியப்பன் முருங்கைக்கீரை வாங்கி வந்தான். அவள் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் இணுக்கை எடுத்தாள். இலையை உருவ விரல்கள் சேரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். வலியில் கண்ணீர் பொட்டுப் பொட்டாகக் கீரைமேல் விழுந்தது. கீழ்த் தெருவில் குடிகள் எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"முடியலைங்க. நீங்க கொஞ்சம் ஆஞ்சு குடுங்க."

சென்னியப்பன் கீரையைப் பார்த்தான், அவள் விரல்களைப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கெங்க புள்ள இதெல்லாம் தெரியும்? விடு, கஷ்டப்படாத. நான் போயி பரோட்டா வாங்கிட்டு வந்தர்றேன்."

கீழ்த் தெருவில் குடிகள் மெதுவாகச் சுவர் பக்கம் திரும்பினார்கள்.