வெந்நீர்க் குழாயில் விளைந்த கல்

முன்னொரு காலத்தில் குன்றையூரை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டால் அன்றைக்கு யாருக்காவது தண்டனை கொடுக்காமல் விடமாட்டார். அதனால் பாத்திரம் செய்யும் ஆவுடையப்பன், செப்புக் குழாய்களுக்குக் கறுப்பு பூசி அரண்மனை மொட்டைமாடியில் பரப்பினான். வெயிலிலேயே தண்ணீர் சுட்டது. ராஜா மெச்சி அவனுக்கு மோதிரம் போட்டார்.

அரண்மனை மேற்பார்வையாளர் தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. "குழாய் அவனுடையதாக இருக்கட்டும், தண்ணீர் என் கிணற்றுடையது. இளநீர் மாதிரி இருக்கும்" என்று ராஜாவிடம் சொல்லி அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே வருஷத்தில் வெந்நீர் நூல்போல ஒழுகி, பிறகு அதுவும் நின்றது. ராஜா நடுங்கிக்கொண்டே சபைக்கு வந்தார்.

"குழாய்க்குள் கல் இருக்கிறது, மகாராஜா. இவன் வேண்டுமென்றே அடைத்தது" என்று ஆவுடையப்பனைக் காட்டினார் தாண்டவராயர்.

"நாளை மாலைக்குள் வெந்நீர் வரவேண்டும். குழாயை உடைக்கக் கூடாது. வராவிட்டால் நாட்டைவிட்டுப் போ" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் மொட்டைமாடிக்குப் போய்க் குழாய் வாயில் விரலை விட்டான். வெள்ளையாய், சொரசொரப்பாய் ஏதோ பெயர்ந்து வந்தது. அதைப் பாத்திரம் துலக்க வைத்திருந்த புளித்த கஞ்சிக் காடியில் போட்டதும் நுரைத்துக் கரைந்தது. அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது. குடம் குடமாகக் காடியைக் குழாயில் ஊற்றி ஊறவைத்தான். காலையில் நல்ல தண்ணீர் விட்டு அலசினான்.

மாலையில் சபைக்குப் போய், "வெந்நீர் தயார், மகாராஜா. அதற்கு முன் தாண்டவராயர் ஐயா வீட்டு வெந்நீர் அண்டாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றான்.

அண்டா வந்தது. உள்ளே விரல் கனத்துக்கு அதே வெள்ளைக் கல்.

"ஐயா, இதற்குள்ளும் நான்தான் வந்து கல் அடைத்தேனா?"

"உளறாதே. எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சுடவைத்தால் அப்படித்தான் படியும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டவராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். "இனிமேல் படியாமலிருக்க என்ன வழி?"

"மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குழாயில் விடுவோம். அதில் இப்படிக் கல்லாகப் படிகிற உப்பு கிடையாது. தொட்டி வற்றினால் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த மாதங்களில் மட்டும் குழாயைக் காடி விட்டுக் கழுவவேண்டும்."

"நீராட்டு மண்டபத்துக்கு இனி நீயே அதிகாரி. கழுவுகிற வேலை தாண்டவராயருக்கு."

"மகாராஜா, காடி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாதே."

"பழகிவிடும், ஓய்."

அவருக்குப் பழகிவிட்டது. சபையில் அவர் பக்கத்தில் உட்காரத்தான் ஒருவரும் வரவில்லை.